எதிர்வீட்டுச் சளி

எதிர்வீட்டுக்காரர் தும்மிய சத்தம் கேட்டு எனக்குப் பொறாமை வந்தது. எப்படிச் சொன்னாலும் அசிங்கமாகத்தான் இருக்கும் என்பதால் நேராகவே சொல்லிவிடுகிறேன். 2022 ஜனவரி, ஒரு காலை. புனேயில் வாகட் பக்கம் எங்கள் குடியிருப்பில் ஒன்பதாவது மாடி. லிஃப்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு, அந்தப் பக்கம் அவர்கள் வீடு. பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறந்தேன். அவர் வரிசையாக ஏழெட்டுத் தும்மல் தும்மினார். பிறகு, காபியில் இஞ்சி தூக்கலாகிவிட்டது என்று மனைவியிடம் சண்டை பிடித்தார். கொரோனா வந்த மூன்றாம் நாள் ஒரு மனிதர் காபியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். நான் பால் பாக்கெட்டும் கையுமாக அங்கேயே நின்று முழுச் சண்டையையும் கேட்டேன்.

அதே கொரோனாவில்தான் எட்டு மாதங்களுக்கு முன்னால் என் கணவர் இறந்துபோனார். அவருக்கு நாற்பத்தொன்பது வயது. எதிர்வீட்டுக்காரருக்கு நாற்பத்தேழு. இரண்டு பேரும் ஹிஞ்சவாடியில் பக்கத்துப் பக்கத்து அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள். இரண்டு பேருக்கும் சர்க்கரை இல்லை, இரத்தக் கொதிப்பு இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக நடக்கப் போவார்கள். இருவருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் ஒரு ஊசி.

அந்த ஊசி எப்படி ஒருவருக்குக் கிடைத்தது, ஒருவருக்குக் கிடைக்காமல் போனது என்பதைச் சொல்ல வேண்டுமானால், எதிர்வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அவளும் தமிழ்தான். ஆனால் புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். தாத்தா காலத்திலேயே இராணுவ வேலையில் வந்து கிர்கியில் தங்கிவிட்ட குடும்பம். ஒரே வாக்கியத்தில் தமிழில் ஏறி, இந்தியில் உட்கார்ந்து, மராத்தியில் இறங்குவாள். நாங்கள் கோயம்புத்தூரிலிருந்து வந்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்தில் தனியாகப் படித்த இந்தி. அதை வைத்தே காலத்தை ஓட்டினேன். காய்கறி வண்டிக்காரர் அவளுக்கு மட்டும் கேட்காமலே கொத்தமல்லி போடுவார். காவலாளி அவளிடம் மட்டும் தன் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசுவார். நான் போனால் இருவருமே வாயை மூடிக்கொள்வார்கள். என்னுடைய பொறாமை நோய்க்கு முன்னாலேயே, அந்தக் கொத்தமல்லியிலிருந்தே ஆரம்பித்துவிட்டது.

அவள் பேசும்போது ஏதாவது மராத்திச் சொல் புரியவில்லை என்றால் நான் அர்த்தம் கேட்க மாட்டேன். தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து, இந்தியை வைத்து ஊகித்துக்கொள்வேன். கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்லித்தருவாள். அந்தச் சிரிப்பு வேண்டாம் என்று இருந்தேன்.

2021 ஏப்ரலில் நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஊசி போடத் தொடங்கினார்கள். உலகத்துக்கே ஊசி மருந்து செய்து அனுப்புகிற ஊர் எங்களுடையது. டிவியில் லாரிகள் பூமாலை போட்டுக்கொண்டு புறப்பட்டதைக் காட்டியபோது என் கணவர் எழுந்து நின்று கைதட்டினார். அந்த லாரிகள் எங்கெங்கோ போயின. வாகட்டில் எந்த மையத்தில் எப்போது மருந்து இருக்கும் என்பது காதோடு காதாகத்தான் தெரியவரும். ஆம்புலன்ஸ் சத்தம் நெடுஞ்சாலையில் ஓயாமல் கேட்ட நாட்கள் அவை. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் பூக்கள் நின்றுபோய், படுக்கை கிடைக்குமா, ஆக்சிஜன் கிடைக்குமா என்ற செய்திகளே வந்துகொண்டிருந்தன.

ஒரு வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு எதிர்வீட்டுக்காரியிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. வழக்கம்போல எல்லா மொழியையும் ஆங்கில எழுத்திலேயே அடித்திருந்தாள். பக்கத்துக் கார்ப்பரேஷன் தவாகானாவின் பெயர், அதற்குக் கீழே, "ஃபர்ஸ்ட் டோஸ் கல். கர்தி நஹி. லவ்கர் ஜா அக்கா."

தவாகானா என்றால் மருத்துவமனை. கர்தி என்றால் கூட்டம். லவ்கர் என்றால் சீக்கிரம். அது காய்கறி வண்டியில் கற்றுக்கொண்டது. 'கல்' என்ற சொல்லுக்கு இந்தியில் நேற்று என்றும் பொருள் உண்டு, நாளை என்றும் பொருள் உண்டு. வாக்கியத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ள வேண்டும். 'சீக்கிரம் போ' என்று போட்டிருக்கிறாளே, அப்படியானால் நாளைதான். முதல் டோஸ் நாளைக்குப் போடுகிறார்கள், கூட்டம் இருக்காது, காலையிலேயே போய்விடு. எனக்கு அப்போது சந்தேகமே வரவில்லை.

என் கணவரிடம் படித்துக் காட்டினேன்.

"இன்னைக்கே போயிட்டு வந்தர்லாமா? மத்தியானம் வரைக்கும் எனக்கு வேலையொண்ணும் இல்ல" என்றார்.

"நாளைக்குத்தானுங்க ஃபர்ஸ்ட் டோஸ். இன்னைக்குப் போனா சும்மா திரும்பி வரோணும்."

"எதுக்கும் அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன். எதிர்ல தான இருக்காங்க."

"அதெல்லாம் தெளிவாத்தான் போட்டிருக்கா" என்றேன்.

எட்டு அடி தூரத்தில் அவள் கதவு. அழைப்புமணியை அமுக்கி ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்க நான் தயாராக இல்லை.

மறுநாள் காலை ஆறரைக்கே போனோம். கேட்டில் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. 'லஸ் சம்ப்லி.' தடுப்பூசி தீர்ந்துவிட்டது. என் வாழ்க்கையில் யார் உதவியும் இல்லாமல் முழுதாகப் புரிந்த முதல் மராத்தி வாக்கியம் அதுதான். அங்கே நின்ற ஒரு பெண்மணி, நேற்றும் முந்தாநாளும் சாயங்காலம் வரை போட்டார்கள், ஆளே இல்லாமல் இருந்தது என்று இந்தியில் புலம்பினாள். திரும்பி வந்தபோது லிஃப்ட் வாசலில் எதிர்வீட்டுக்காரி நின்றாள். வலது கையால் லிஃப்ட் பொத்தானை அமுக்கினாள். இடது கையை மட்டும் வலியோடு தொங்கவிட்டிருந்தாள்.

"போட்டாச்சா அக்கா? நாங்க புதன்கிழமையே போட்டுக்கிட்டோம். ரெண்டு பேருக்கும் ஒரே ஜுரம்."

"இல்ல. தீந்துபோச்சு" என்றேன். அவள் வாயைத் திறப்பதற்குள் எங்கள் கதவைச் சாத்தினேன்.

தாங்கள் இருவரும் புதன்கிழமையே சத்தமில்லாமல் போட்டுக்கொண்டு, எங்களை மட்டும் வெள்ளிக்கிழமை போகச் சொல்லியிருக்கிறாள். அப்படித்தான் முடிவு செய்தேன். முந்திக்கொண்டவள், பின்னால் வருகிறவளுக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்காதவள். என் கணவரிடம் இதைச் சொன்னதற்கு, "சும்மா இரு புள்ள, அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல" என்றார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது.

அதற்குப் பிறகு இரண்டு முறை வேறு மையங்களுக்குப் போனோம். ஒரு இடத்தில் இரண்டாவது டோஸ் மட்டும். இன்னொரு இடத்தில் எங்களுக்கு முன்னால் ஐந்து பேர் நிற்கும்போது ஜன்னலை மூடினார்கள். மே மாதத் தொடக்கத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்தாம் நாள் மூச்சு வாங்கியது. படுக்கை தேடி அந்தப் பகல் முழுக்க ஃபோன் பேசியது யார் என்கிறீர்கள்? எதிர்வீட்டுக்காரிதான். படிக்கட்டில் உட்கார்ந்து, முகக்கவசத்தை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, ஐந்து மணி நேரம் மராத்தியில் கெஞ்சினாள், அதட்டினாள், யார் யாரையோ அண்ணா என்றாள், மாமா என்றாள். புனே கேம்ப் பகுதியில் ஒரு மருத்துவமனையில் படுக்கை வாங்கிக் கொடுத்தாள். அப்போதும்கூட நான், எனக்கு இந்தப் பேச்சு வரவில்லையே என்றுதான் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினோரு நாள் கழித்து அவர் போய்விட்டார். சவத்தை வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை.

பிறகு ஒரு நாள் மருத்துவரிடம் கேட்டேன். ஒரே ஒரு டோஸ், மூன்றரை வாரத்துக்கு முன்னால் போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா? அவர் நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. "ஆயிரம் பேரைப் பற்றிக் கேட்டால் என்னால் சொல்ல முடியும். நிறையப் பேர் பிழைத்திருப்பார்கள். ஒருவரைப் பற்றிக் கேட்டால் எனக்குத் தெரியாது" என்றார். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒருவர்தான்.

ஜூன் மாதம் எனக்கு ஊசி கிடைத்தது. நகரத்தில் இடமில்லாமல், கடக்வாஸ்லா அணையையும் தாண்டி ஒரு கிராமத்துச் சுகாதார நிலையத்தில். வண்டியில் என் மகளும் கூட வந்தாள். அவளுக்கு அப்போது பதினான்கு, ஊசிக்கு வயது ஆகவில்லை, வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் என் கையில் பஞ்சைத் தேய்த்துக்கொண்டே, "ஏக்டீச்?" என்று கேட்டார். தனியாகவா வந்தாய் என்று அர்த்தம். சும்மா பேச்சுக்குக் கேட்டதுதான். நான் சுவரில் இருந்த போலியோ படத்தைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்றேன். ஊசி கொசு கடித்த அளவுகூட வலிக்கவில்லை. இவ்வளவுதானா என்று எரிச்சலாக வந்தது.

அதன் பிறகு ஊரே போட்டுக்கொண்டது. காவலாளி, வேலைக்கு வரும் பெண்கள், கொத்தமல்லிக்காரர், எல்லோரும். கைபேசியில் சான்றிதழைக் காட்டினால்தான் மால் கதவு திறக்கும் என்றானது. ஜனவரியில் மறுபடி அலை வந்தபோது எங்கள் குடியிருப்பில் பாதி வீடுகளில் கொரோனா. நான் பயந்து, மகளின் அறையிலேயே ஒரு வாரத்துக்கு மாத்திரைகளை அடுக்கிவைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இருமினார்கள், ஆவி பிடித்தார்கள், ஆறாம் நாள் ஆன்லைனில் பிரியாணி வரவழைத்தார்கள். மருத்துவமனைக்குப் போனது பி பிளாக்கில் ஒரே ஒரு பெரியவர். ஊசியே வேண்டாம் என்று கடைசிவரை பிடிவாதம் பிடித்தவர். அவரும் பத்து நாளில் திரும்பிவிட்டார். நெடுஞ்சாலையில் ஆம்புலன்ஸ் சத்தம் இல்லை, வெறும் ஹார்ன்தான். முந்தைய வருடம் ஆக்சிஜன் கேட்ட அதே வாட்ஸ்அப் குழுவில், லிஃப்டில் நீலகிரித் தைல வாடை தாங்கவில்லை என்று ஒருவர் புகார் எழுதினார்.

நல்ல செய்திதான். எனக்குத் தெரியாதா? மகள் நலமாக இருந்தாள். அந்த மாதம்தான் அவளுக்கும் பள்ளியில் போட்டார்கள். நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் எனக்கு வயிறு எரிந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கணவர் சும்மா சளி பிடித்துப் படுத்திருந்தார், ஒவ்வொரு மனைவியும் அலுத்துக்கொண்டிருந்தாள். அந்த அலுப்பு எனக்கு வேண்டும் போலிருந்தது. ஒரு மனிதர் ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டுவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, என்னைப் பத்து முறை கூப்பிட்டு உயிரை எடுக்க வேண்டும். நானும் 'சும்மா படுங்க' என்று கத்த வேண்டும்.

எதிர்வீட்டில் காபிச் சண்டை நடந்த அன்று மத்தியானம் அவளிடமிருந்து ஃபோன். இருவருமே தனிமையில் இருந்தார்கள்.

"அக்கா, சொல்லவே லஜ்ஜையா இருக்கு. அவருக்கு உங்க கையால மிளகு ரசம் வேணுமாம். என்னோடது வெல்லம் போட்ட ஆம்டிப் பருப்பு மாதிரி இருக்காம்."

மிளகை இடிக்கும்போது கல்லுரல் உடையாதது ஆச்சரியம். ஆனாலும் ரசத்தை நன்றாகத்தான் வைத்தேன். பொறாமை இருக்கிறது என்பதற்காகப் புளியை மாற்றிப் போட முடியாது. தூக்குவாளியில் ஊற்றி அவர்கள் வாசலில் வைத்து, மணியை அடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் செய்தி வந்தது. "கல் ரசம் மஸ்த் ஹோதா அக்கா."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இந்தியில் ஹோதா என்றால், இருந்தால் நன்றாக இருக்கும் என்கிற தொனி. நாளைக்கும் ரசம் இருந்தால் மஸ்தாக இருக்குமாம்! "என்னை என்ன இவங்க வீட்டுச் சமையக்காரின்னு நெனச்சுட்டாளா? ஒரு நாள் குடுத்தா தெனமும் கேக்கறா பாரு" என்று கத்திக்கொண்டே, ஆனாலும் பழக்கதோஷத்தில், புளியை எடுத்து ஊறப்போட்டேன்.

மகள் என் கைபேசியை எட்டிப் பார்த்துச் சிரித்தாள். பள்ளியில் அவளுக்கு மராத்தி கட்டாயப் பாடம்.

"அம்மா, ஆன்ட்டி கேக்கல. தேங்க்ஸ் சொல்றாங்க. நேத்து ரசம் நல்லாருந்துச்சுன்னு."

"கல்னு போட்டிருக்காளே. நாளைக்குன்னுகூட..."

"அது இந்தில மா. மராத்தில அது கால். காலுன்னா யெஸ்டர்டே மட்டும்தான். டுமாரோக்கு வேற வேர்ட், உத்யா. அவங்க இங்கிலீஷ்ல டைப் பண்றதால உனக்குக் குழப்பம்."

சொல்லிவிட்டு அவள் அறைக்குப் போய்விட்டாள். அவளுக்கு அது ஒரு சின்னச் சிரிப்பு, அவ்வளவுதான்.

நான் புளிக்கையைத் துடைக்காமலே கைபேசியில் பின்னால் போனேன். ரசம், பண்டிகை வாழ்த்து, இரங்கல், படுக்கைக்கான ஃபோன் எண்கள், எல்லாவற்றையும் தாண்டிப் போனேன். அந்த வியாழக்கிழமை அங்கேயே இருந்தது. முதல் டோஸ் நேற்றுப் போட்டுக்கொண்டோம். கூட்டம் இல்லை. சீக்கிரம் போங்கள் அக்கா. அவள் எங்களை வெள்ளிக்கிழமை அனுப்பவில்லை. அன்றைக்கே, அந்த நிமிடமே ஓடச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்குச் சாயங்காலம் வரை மருந்து இருந்தது.

கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு, ஊறிய புளியை வீணாக்க மனமில்லாமல் ரசம் வைத்தேன். தூக்குவாளியோடு போய் மணியை அமுக்கினேன். இந்த முறை ஓடிவரவில்லை. என்ன சொல்வது என்று தெரியாது. ஏதோ சொல்லியாக வேண்டும் என்று மட்டும் இருந்தது.

இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டு அவள் கதவைத் திறந்தாள். வாளியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். நான் பேசுவதற்கு முன்னால் அவளே ஆரம்பித்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். எத்தனையோ நாளா கேக்கணும்னு இருக்கேன், தைரியம் வரல. அன்னிக்கு நான் போட்ட மெசேஜ் நீங்க பாக்கலையா? புதன்கிழமை போட்டுக்கிட்டு வந்த உடனே ஃபோன் பண்ணியிருக்கணும். ரெண்டு பேருக்கும் ஜுரம், அப்படியே படுத்துட்டோம். காலைலதான் மெசேஜ் போட்டேன். லேட்டாயிடுச்சா அக்கா? அந்த ஒரு ராத்திரியாலதான் போச்சா?"

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. எட்டு மாதமாக அவள் இதைச் சுமந்திருக்கிறாள். நான் அவள் மேல் சுமத்தியது போதாதென்று அவளே தன் மேல் சுமத்திக்கொண்டிருக்கிறாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல வாய்ப்பு ஒருவருக்குக் கிடைக்காது. எனக்கு அர்த்தம் புரியவில்லை, உன்னிடம் கேட்கக் கௌரவம் பார்த்தேன், அவ்வளவுதான்.

உள்ளேயிருந்து அவள் கணவர் தும்மினார். ஒன்று, இரண்டு, மூன்று. "யாரு, அக்காவா?" என்று கரகரத்த குரலில் கூப்பிட்டார். "ரசம் ஏ-ஒன் அக்கா! பயப்படாதீங்க, வெறும் சர்திதான்!"

வெறும் சர்தி, வெறும் சளி. அந்த 'வெறும்' என்ற சொல்லைக் கேட்டதும் நான் சொல்ல வந்தது மாறிவிட்டது.

"மெசேஜ் பாத்தோம்மா. உன்மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். "நான் போலாம்னுதான் சொன்னேன். அன்னைக்கு அவருக்குத்தான் மீட்டிங். நாளைக்குப் போய்க்கலாம்னு அவருதான் சொன்னாரு."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பாரம் இறங்கிய அழுகை. நான் வாளியைத் தரையில் வைத்துவிட்டு வந்தேன்.

இன்றும் அவர்கள் எதிரில்தான் இருக்கிறார்கள். சளி பிடித்தால் இப்போது யாரும் பரிசோதனைகூடச் செய்துகொள்வதில்லை. அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக நடக்கப் போகிறார். என்னைப் பார்த்தால், "ஹிஞ்சவாடில மீட்டிங் மீட்டிங்னு எங்க எல்லாரையும் கொல்றாங்க, அக்கா. உங்க வீட்டுக்காரரை அந்த மீட்டிங்தான் முழுங்கிடுச்சு" என்று உண்மையான வருத்தத்தோடு சொல்வார். நான் ஆமாம் என்று தலையாட்டுவேன்.

அன்று அவருக்கு மீட்டிங் எதுவும் இல்லை. ஷூ போட்டுக்கொண்டு, கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் வீட்டுக் கதவைப் பார்த்தபடி நின்றிருந்தார். நான் சொன்ன பிறகுதான் குனிந்து ஷூவைக் கழற்றினார்.